வண்டி வைக்காமல் மாறிய வீடு

அந்தக் காகிதத் துண்டு இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. என் பாலிடெக்னிக் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து, பின்னறைச் சுவரில் ஓடிய வெடிப்புக்குக் குறுக்கே அதை நான்தான் ஒட்டினேன். சுவர் அசையாமல் நின்றால் தாள் அப்படியே இருக்கும், அசைந்தால் கிழியும். வகுப்பில் கேட்டதை முதல் தடவையாக ஒரு நிஜச் சுவரில் செய்து பார்க்கிற குஷி எனக்கு. மதினி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். "சுவருக்குப் பிளாஸ்திரி போடுதீகளா தம்பி? அப்படியே காய்ச்சல் அடிக்கான்னும் தொட்டுப் பாத்துருங்க" என்றாள். நானும் சிரித்தேன். சில நாள் கழித்து ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். தாள் நடுவில் கிழிந்திருந்தது. அவசரத்தில் பிய்த்த கிழிசல் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் நின்று, பொறுமையாக இழுத்த மாதிரி.

இப்போது என் சிநேகிதர்கள் யார் வீடு மாற்றினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலைக்கு வந்த பிறகு நானே ஊர் ஊராகக் குடி மாறியவன், அதனால் நான் அதில் பெரிய ஆள் என்று ஒரு பேச்சு. ஊறுகாய் ஜாடியை அரிசி மூட்டைக்குள் புதைத்துக் கொண்டு போ, உடையாது. சிம்னி விளக்கின் கண்ணாடியைத் தலையணைக்குள் வை. கடைசியில் கட்டுகிற மூட்டையில் காப்பித்தூளும் தீப்பெட்டியும் டம்ளரும் இருக்கட்டும், போன இடத்தில் முதலில் தேவைப்படுவது அதுதான். இப்படி நான் அடுக்கிக்கொண்டே போவேன். எல்லாம் மதினி வழி வந்தவை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். சொன்னால் வீடு மாற்றுகிற சந்தோஷம் போய்விடும்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அம்மா இல்லாத வீட்டுக்கு வந்தவள். சங்கரன்கோவிலில் நாங்கள் வாடகைக்கு இருந்தது மண் சுவர் வைத்த, முன்னும் பின்னும் நீண்ட ஓட்டு வீடு. அதன் பின்னறை வெயில் காலத்திலும் குளிர்ந்து கிடக்கும். அப்பா ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஈசிச்சேரும் ரேடியோவுமாக அந்த அறையிலேயே குடியேறிவிட்டார். அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில், எங்கள் பின்சுவரை ஒட்டி அடுத்த மனைக்காரர் தறிக்கொட்டகை கட்ட அஸ்திவாரக் குழி தோண்டினார். தோண்டிவிட்டு, கொத்தனார் கிடைக்கவில்லையோ என்னவோ, அப்படியே போட்டுவிட்டார். மண் சுவருக்குக் காலடியில் குழி. சுவரின் மேல் மூலையிலிருந்து ஒரு கோடு இறங்க ஆரம்பித்தது.

அப்பா அதை நம்பவில்லை. நம்பவில்லை என்பதும் சரியில்லை, தன் வழியில் வைத்தியம் பார்த்தார். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். தேள்கடி, தோல் வியாதி, பிள்ளைக்கு வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் அந்த மண்தான். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தவர், மடியிலிருந்த புற்றுமண் உருண்டையைத் தண்ணீரில் குழைத்து, நாற்காலி மேல் ஏறி நின்று, வெடிப்பு நெடுகப் பூசினார். பூசிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். என் கிழிந்த தாளும் அதற்குள் போயிற்று. அடுத்த வாரம் அந்தப் பூச்சு காய்ந்து, அதே கோட்டில், முன்னைவிட அகலமாகப் பிளந்து நின்றது. நடுப்பகலில் வீடு அமைதியாக இருக்கும்போது காதை வைத்துக் கேட்டால் சுவருக்குள் மண் உதிரும் சத்தம் கேட்கும். முறத்தில் அரிசியைச் சரித்தால் வருமே, அந்தச் சத்தம்.

அண்ணன் அலைந்து திரிந்து வேறு தெருவில் ஒரு வீடு பார்த்துவிட்டான். சாவியும் கைக்கு வந்துவிட்டது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். நான் தாள் கிழிந்த கதையை அப்பாவிடம் ஆதி முதல் விளக்கினேன். சுவரின் கனம், அடிமண், சாய்மானம் என்று சாக்பீஸால் தரையில் படம்கூடப் போட்டேன். அப்பா முழுதும் கேட்டுவிட்டு, "ஏலே, சுவத்துல ஒரு தாளை ஒட்டிட்டா நீ இன்ஜினியரால? ஆடியில குடி மாறினவன் எவன் உருப்பட்டிருக்கான்? ஆவணி பொறக்கட்டும், பாப்போம்" என்றார். அண்ணன் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டான். ஆவணிவரை சுவர் நிற்க வேண்டும், அப்பா அதன் அடியில் படுக்க வேண்டும். எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

மதினிதான் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தாள். "குடி மாற வேண்டாம் மாமா" என்றாள் அப்பாவிடம், ரொம்பப் பணிவாக. "சாமானை மட்டும் அங்கன கொஞ்சம் இங்கன கொஞ்சமா வச்சுக்கிடுவோம். வாசல்ல வண்டி வந்து நின்னாத்தான குடி மாறுதது?" அப்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நான் உற்சாகமாகி, அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுத ஆரம்பித்தேன். மதினி அதைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி, தமுக்கும் அடிச்சிருவமா? நம்பர் போட்ட பெட்டி வாசலைத் தாண்டினா தெருவே எட்டிப் பாக்கும்." அவள் முறை வேறு. ஒவ்வொரு சாமானும் அதற்குரிய சாக்கோடுதான் வெளியே போக வேண்டும். குடம் தண்ணீருக்குப் போவது போலப் போய்த் திரும்பாது. பித்தளைப் பானைகள் ஈயம் பூசப் போயின. சேலைகளும் போர்வைகளும் வெளுக்கப் போயின. என் புத்தகங்களை நான் லைப்ரரிக்குத் திருப்பிக் கொடுக்கிற முகத்தோடு தூக்கிப் போனேன். அம்மியைக் கொத்தக் கொடுப்பதாகச் சொல்லி, சைக்கிள் கேரியரில் கட்டி, அண்ணன் தள்ளிக்கொண்டே போனான். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும், தீப்பெட்டி வாங்கப் போனாலும், மதினி வாசலில் மறிப்பாள். "கை வீசிட்டுப் போகாதீக. எதையாவது எடுத்துட்டுப் போங்க." அதுதான் அந்த மாதத்தின் ஒரே சட்டம். முதலில் பின்னறை ஒழிய வேண்டும், பிறகு நடுவீடு, கடைசியாக வாசல் அறை. ஆபத்து இருக்கிற பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்கு. புற்றுமண் பூசிய இடத்தின் மேல் ஒரு பழைய காலண்டரையும் தொங்கவிட்டாள். அப்பா படுத்துக்கொண்டு அந்த வெடிப்பையே பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீடு மெலிய மெலியச் சத்தம் கூடிற்று. வெறும் அறையில் இருமினால் எதிரொலித்தது. மண் உதிர்வதைக் கேட்க இப்போது காதை வைக்க வேண்டியதில்லை, வாசல் அறைக்கே கேட்டது. பின்னறையில் அப்பாவும் ஈசிச்சேரும் ரேடியோவும் காலண்டரும் மட்டும்தான். எல்லாம் போவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஒரு நாள் அடுப்பு போயிற்று. அன்று முதல் காப்பி புதுவீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்தது. தெருவைக் கடந்து வருவதற்குள் ஆறிவிடும். "என்னம்மா, காப்பி குளிப்பாட்டுத வெந்நி மாதிரி இருக்கு?" என்றார் அப்பா. மதினி, "அடுப்பு அங்கன இருக்குல்லா மாமா. சூடா வேணும்னா ஒரு எட்டு நடந்துதான் வரணும்" என்றாள். இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆறின காப்பியையே குடித்தார். ஒரு காலை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காப்பி குடிச்சிட்டு வாரேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் நானும் அண்ணனும் ஈசிச்சேரையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு குறுக்குச் சந்தில் ஓடினோம். அவர் போய்ச் சேர்ந்தபோது சேர் விரித்துக் கிடந்தது. உட்கார்ந்தார். அவ்வளவுதான். தான் குடி மாறியதாக அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

வீட்டைப் பூட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் ஊருக்குத் தெரியாமல் மாறினோம் அல்லவா, உறவுக்கும் தெரியாமல் போயிற்று. ஆடி மாதத் தபசுத் திருநாளுக்கு வருஷா வருஷம் பனவடலிசத்திரத்திலிருந்து அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த அக்கா, பேரன் பேத்திகளோடு வந்து எங்கள் வீட்டில்தான் இறங்குவாள். ஆடியில் குடி மாறியதை யார் வாயால் அவளுக்குச் சொல்லி அனுப்புவது? ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டோம்.

தபசு அன்று மத்தியானம். ரத வீதியெல்லாம் தலைகள். மதினி ஆடிச்சுற்று நேர்ந்திருந்தாள், பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்ச் செம்போடு நிழலில் நின்றேன். பழைய தெருவில் வளையல் கடை வைத்திருந்த அக்கா எதிரே வந்து, "என்ன மக்கா, விருந்தாளி வந்திருக்காக, நீங்க பூட்டிட்டு இங்கன நிக்கீக? உங்க அத்தை கெட்டிக்காரி, பக்கவாசல் கொண்டியைக் குச்சியை விட்டுத் திறந்து பிள்ளைகளோட உள்ள போயாச்சு" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்த நேரம் எங்களைத் தாண்டிப்போன மதினியின் காதில் அது விழுந்தது, சுற்றை நடுவில் நிறுத்தினாள். நேர்ந்த சுற்றை யாரும் நடுவில் விட மாட்டார்கள். அவள் ஓடினாள். கூட்டத்துக்கு எதிராக, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

பின்னறையில் அத்தை அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, விசிறிக்கொண்டிருந்தாள். காலண்டர் அவள் தலைக்கு மேல். பேரப்பிள்ளை ஒருவன் ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் காலண்டருக்குப் பின்னாலிருந்து மண் சரிந்து அத்தை தோளில் விழுந்தது. "ஏட்டி, என்ன வீட்டைத் தொடச்சு வச்சிருக்கீக? களவாணி புகுந்துட்டானா?" என்றாள் அத்தை. எனக்கு வாயைத் திறந்து கத்த வேண்டும் போல இருந்தது. மதினி என் கையை அழுத்தினாள். கத்தினால் பிள்ளைகள் சுவரைத்தான் திரும்பிப் பார்க்கும், அத்தை ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசற்படியிலேயே நின்று, இரைக்கிற மூச்சை அடக்கி, தாலாட்டுகிற குரலில் மதினி சொன்னாள்: "அத்தை, இலை போட்டாச்சு. மாமா சாப்பிடாம உங்களுக்காகக் காத்துக் கிடக்காக, வாங்க." தம்பி பசியோடு இருக்கிறான் என்றால் எந்த அக்காளும் உட்கார்ந்திருக்க மாட்டாள். அத்தை சுவரில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். எழுந்தவள் மூட்டைக்குத் திரும்பினாள். சாமி அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற நேரத்தில் நேர்ச்சையாக எறிவதற்காகச் சொந்தக் காட்டில் விளைந்த பருத்தியும் வற்றலும் அதில் இருந்தன. "மூட்டை கிடக்கட்டும் அத்தை, தம்பி எடுத்துட்டு வருவாக" என்றாள் மதினி. அந்த மாதம் முழுக்க எங்களைப் படுத்திய சட்டத்தை அவளே திருப்பிப் போட்டாள். "நீங்க கை வீசிட்டே வாங்க."

எல்லோரும் வெளியே வந்ததும் நான் மூட்டைக்காக உள்ளே திரும்பினேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள். வழியெல்லாம் அத்தையிடம் திட்டு. "என் நேர்ச்சைப் பருத்தியை விட்டுட்டு வரச் சொல்லிட்டியே, நீ நல்லா இருப்பியா?" மதினி அவ்வளவையும் வாங்கிக்கொண்டு நடந்தாள். சுவர் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கொட்டுச் சத்தத்திலும் ஜனங்களின் இரைச்சலிலும் ஒரு மண் சுவர் விழுகிற ஓசை யாருக்குக் கேட்கும்? மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது பின்னறைக்கு வானம் தெரிந்தது. மூட்டை இருந்த இடம் தெரியவில்லை. மண் குவியலின் ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் பஞ்சு மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு மதினியின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். ஆவணியில் அப்பா நல்ல நாள் பார்த்து, ஒன்றும் நடக்காதது போல, புதுவீட்டில் முறையாகப் பால் காய்ச்சினார்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. போன மார்கழியில் லீவு கிடைத்ததும், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். அந்தப் புதுவீடும் இப்போது பழைய வீடாகிவிட்டது. பக்கத்து மனையில் கடை கட்டப் போகிறார்கள் போல, தோண்டிய மண்ணைத் தெருவில் குவித்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. நேரே பின்னறைக்குப் போய், வழக்கமான மூலையில் பையை வைத்தேன். அப்பாவின் ஈசிச்சேர் அங்கே இல்லை. ரேடியோ பலகை காலியாக இருந்தது. சுவரின் மேல் மூலையில், யாரும் தேதி பார்க்க முடியாத உயரத்தில், ஒரு காலண்டர் தொங்கியது. அதுவும் போன வருஷத்தது.

திரும்பினேன். வாசற்படியில் மதினி நின்றாள், கையில் தூக்குவாளி.

"அப்பா எங்க மதினி?"

"காப்பி குடிக்கப் போயிருக்காக" என்றாள். குரல் தாலாட்டுகிற மாதிரி இருந்தது.

பழக்கதோஷத்தில் பையை எடுக்கக் குனிந்தேன். காலண்டருக்குப் பின்னால் யாரோ முறத்தில் அரிசியைச் சரித்தார்கள்.

"பை கிடக்கட்டும் தம்பி" என்றாள் மதினி. "கை வீசிட்டே வாங்க."