ஆரத்தி நிறத்துக் கிணறு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பிறந்த வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நிஜமாகவே கோபப்பட்டு எதையாவது உடைத்திருக்க வேண்டிய ஒரு நாளில், என்னால் ஒரு தாழ்ப்பாளைக்கூடத் திறக்க முடியவில்லை. எழுபது வயதைத் தொடப் போகிறேன், இன்னும் அந்த நாளின்மேல் ஆத்திரம் தீரவில்லை.

வளைகாப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ராஜபாளையத்துக்கு வண்டி கட்டி என்னை அழைத்துக்கொண்டு போனார் ஐயா. ஐயா என்று நான் கூப்பிடுவது என் அப்பாவை. வன்னியம்பட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது, அங்கே நின்ற ஒருவர் வண்டிக்காரரிடம், "ராசபாளையத்துக்கா போறீய? அங்க அது வந்திருக்காம்லா" என்றார். வாந்திபேதி என்று வாயால் சொன்னால் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். அதனால் எல்லோருக்கும் அது வெறும் 'அது'தான்.

"திரும்பிருவோம் ஐயா" என்றேன்.

"தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுக் கெளம்புன பிள்ளைய பாதி வழியில திருப்பவா? பாக்கவிய என்ன சொல்லுவாக" என்றார். என் வயிற்றைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் முடிவெடுப்பது அந்த இடத்தில்தான் தொடங்கியது.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். மூன்று முறை சுற்றினாள், நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள், தண்ணீரைத் தெரு முக்கில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, "அங்கன மிதிச்சிராதீய" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். என்மேல் பட்ட கண்ணேறு எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். மிதித்தவர்களை அது பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டிப் போகக்கூட யாரும் துணிய மாட்டார்கள், ஒதுங்கித்தான் நடப்பார்கள்.

வீட்டில் ஐயாவுக்கு ஒரு பயம், அம்மாவுக்கு இன்னொரு பயம். வீட்டின் முன்பக்கம்தான் கடை. உப்பு, புளி, மிளகாய், பருப்பு. வாங்க வருகிறவர்களின் மூச்சுக் காற்றில்தான் அது வருகிறது என்று ஐயா முடிவு கட்டிவிட்டார். ஒரு மூங்கிலை இரண்டாகப் பிளந்து, அதைத் தெருப்பக்கம் சாய்த்துவைத்து, அதன் வழியே உப்பைச் சரித்துவிடுவார். வாங்குகிறவர் தள்ளி நின்று முந்தானையிலோ துண்டிலோ ஏந்திக்கொள்ள வேண்டும். பாதி உப்பு மண்ணில் விழும். சாம்பிராணியும் வேப்பிலைப் புகையும் வேறு. புகையில் எனக்கு இருமல் வந்தால், பிள்ளை இருமுகிறாளே என்று பதறி இன்னும் இரண்டு கொத்து வேப்பிலையைப் போடுவார்.

அம்மாவுக்குக் கண்ணும் காதும்தான் பயம். சாவுக் கொட்டுச் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஈரக் கையால் என் காதைப் பொத்துவாள். உச்சி வெயிலில் நான் வாசலில் நிற்கக் கூடாது. துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் என்னைப் பார்க்கக் கூடாது. இவ்வளவு காவலுக்கு நடுவில் குடிக்கிற தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஜன்னலுக்கு நேரே தெருக்கிணறு இருந்தது, தண்ணீர் நன்றாக இருந்தது, குடித்தோம்.

அப்புறம்தான் சர்க்கார் ஆள் வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் குடை, கையில் ஒரு சீசா. சீசாவிலிருந்த கறுப்புப் பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக இழுத்து அலசினார். செத்த நேரம் கழித்து அவர் இறைத்துக் காட்டிய தண்ணீர் சிவப்பாக வந்தது.

தெருவே கூடிவிட்டது. அடுத்த தெருவிலிருந்து வந்த தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நெத்துரு" என்றாள். அவர்கள் பாஷையில் இரத்தம்.

"நெத்துரு இல்லம்மா, ஆராத்தித் தண்ணி" என்றாள் என் அம்மா. இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சொன்னதும் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்தது. தெரு முக்கில் கொட்டிவிட்டு மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற தண்ணீர் கிணறு நிறையக் கிடந்தது.

"இது காலராவுக்கு மருந்து. தண்ணிக்குள்ள இருக்கிற விஷப்பூச்சி செத்துப்போகும். நாளைக்கு நிறம் வெளுத்துடும், இன்னைக்குக் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று அவர் தொண்டை வறளச் சொன்னார். யாரும் அசையவில்லை. உள்ளங்கையில் ஊற்றித் தானே குடித்துக் காட்டினார்.

"மகராசன் குடிக்கட்டும். அவிய வயித்துல என்ன பிள்ளையா இருக்கு?" என்றாள் அம்மா. தெரு சிரித்தது. பாவம், அவரும் சிரித்தார். அதோடு அந்தக் கிணற்றை விட்டுவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் குடங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே இருந்த ஊருணிக்கு நடந்தன. நிறம் வெளுத்த பிறகும் யாரும் திரும்பி வரவில்லை. அவர் விடாமல் வந்து வெளுக்க வெளுக்க மருந்து போட்டார். மருந்து போடப் போட இவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள்.

ஊருணியில் மாடு குளிக்கும், மனிதர் குளிப்பார்கள். 'அது' வந்து செத்தவர்களின் துணிகளையும் அங்கேதான் அலசினார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்?

"அங்க எடுக்காதம்மா" என்றேன்.

"துணி அலசுறது கெழக்கரையில. நான் மேக்கரையிலல்லா எடுக்கேன்."

"தண்ணிக்குக் கரை தெரியுமா?"

"வாயப் பாரு. பிள்ளத்தாச்சி பேசுற பேச்சா இது."

கொண்டுவந்த தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசிக் கலக்கி வைப்பாள். கலங்கல் எல்லாம் அடியில் போய்ப் படியும். பிறகு ஒரு செம்பில் மொண்டு வெயிலுக்கு நேரே சரித்துக் காட்டுவாள். "எம்புட்டுத் தெளிவா இருக்கு பாரு ஏட்டி. இத விட்டுட்டு அந்தச் செவப்பயா குடிக்கச் சொல்லுத?" உண்மையாகவே தெளிவாகத்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாராக இருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பார்கள்.

எனக்கு மட்டும் என்ன பெரிதாகத் தெரியும்? எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் வேலை செய்ய விடமாட்டார்கள், வாசல் தாண்ட விடமாட்டார்கள். பொழுது முழுவதும் ஜன்னல்தான். எதிர்வீட்டில் கால் ஊனமான ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஊருணிவரை அவரால் நடக்க முடியாது, கொண்டுவந்து கொடுக்க நாதியும் இல்லை. அதனால் சிவப்போ கறுப்போ, தெருக்கிணற்றிலேயே இறைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் மாறி மாறிக் கொட்டுச் சத்தம் கேட்டது. போன வாரம் எங்கள் கடையில் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று உப்பு வாங்கியவள் இந்த வாரம் இல்லை. அந்தப் பெரியவர் மட்டும் காலையில் கதவைத் திறந்து, கோலை ஊன்றி வந்து, கிணற்றடியில் பல் துலக்கினார்.

இதை ஐயாவிடம் சொன்னேன். ஐயா ஒன்றும் முட்டாள் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும் போல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாட்ட யாரு சொல்ல?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. பூச்சியைக் கொல்லுகிற மருந்து வயிற்றுப் பிள்ளையை மட்டும் சும்மா விடுமா? அம்மா கேலியாகக் கேட்டாலும், கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சர்க்கார் ஆள் தன் வயிற்றுக்குத்தான் உத்தரவாதம் சொல்ல முடியும். சிவப்பும் பயம், தெளிவும் பயம். தாகமோ எடுத்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளை சுமக்கிறவளுக்குத் தாகம் எப்படி இருக்கும் என்று சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "வயிறு உப்பிக்கிட்டு வருதும்மா. பச்சத்தண்ணி குடிச்சா நெஞ்சக் கரிக்கி. சீரகம் போட்டுக் கொதிக்க வச்சுத் தா" என்றேன். பூச்சி என்றுதானே அந்த மனிதர் சொன்னார், கொதிக்கிற தண்ணீரில் எந்தப் பூச்சி பிழைக்கும்? அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மகள் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டாளே. காலையில் ஒரு பானை, சாயங்காலம் ஒரு பானை. அதைத் தவிர எதையும் நான் தொடவில்லை. என் வயிற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஆனால் அம்மா?

"நீயும் இதக் குடிம்மா" என்று செம்பை நீட்டினேன்.

"எனக்கு என்னத்துக்கு? என் வயித்துல என்ன பிள்ளையா இருக்கு?" என்று சிரித்தாள். "வெறகு என்ன வானத்துலருந்தா விழுது?" சொல்லிவிட்டு, குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தினமும் கேட்டேன். கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தேன். தலையைத் தடவிக்கொடுத்து, "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? வயிறு கனக்க கனக்க இப்படித்தான் கண்டதுக்கும் பயம் வரும்" என்றாள். எனக்காக அந்தத் தண்ணீரைத் தூக்கி வந்தவள், எனக்காக அதைக் கொதிக்க வைத்தவள், தனக்கு ஒரு செம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் ஊருணியிலிருந்து வந்து குடத்தை இறக்கினாள். அடுப்பை ஊதிச் சீரகத் தண்ணீரை ஏற்றினாள். பிறகு சுவரைப் பிடித்தாள். "செத்த நேரம் உக்காருதேன்" என்றாள். உட்காரவில்லை, கொல்லைக்கு ஓடினாள். வந்தாள், திரும்பவும் ஓடினாள். அதன் பிறகு நடந்து வரவில்லை.

ஐயா மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவளைத் தூக்கிக் கொல்லையில் மாட்டுக் கொட்டிலில் படுக்க வைத்தார். கொல்லைக் கதவை அந்தப் பக்கமாகத் தாழ் போட்டார். "நீ வரப்படாது தாயி. காத்து பட்டாலே ஒட்டிக்கிடும்" என்றார். காற்றில் இல்லை ஐயா, குடத்தில் இருக்கிறது என்று கதவைக் கையால் அறைந்தேன். கையெல்லாம் சிவந்தது, தாழ்ப்பாள் அசையவில்லை. வைத்தியருக்கு ஆள் போனது. அவர் வரவில்லை, ஒரு பொட்டலம் பொடியும் ஒரு சொல்லும் வந்தன. நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாதாம்.

உச்சிப் பொழுதுக்குள் அம்மாவின் குரல் கம்மிவிட்டது. அந்தக் குரலில் "தண்ணி" என்றாள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள், திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

"கொஞ்சம் வெந்நியாவது குடுங்க ஐயா" என்று கதவில் வாயை வைத்துக் கேட்டேன்.

"வைத்தியர் கூடாதுன்னுட்டாரே" என்று அந்தப் பக்கம் அழுதார்.

பின்னாளில் ஆஸ்பத்திரிகளில் இதே நோய்க்கு உப்புத் தண்ணீரை நரம்பு வழியாக ஏற்றியே பிழைக்க வைத்தார்கள். கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாக உப்பு இருந்தது. அடுப்பில் கொதித்த தண்ணீர் இருந்தது. அன்று என் வயிற்றில் இருந்த மகளுக்கு இப்போது பேரனே பிறந்துவிட்டான், எனக்கு இன்னும் அந்த இரண்டும் கண் முன்னால் நிற்கின்றன.

"ஏட்டி" என்று அம்மா கூப்பிட்டாள். காதைக் கதவோடு ஒட்டி வைத்தேன். "கதவுகிட்ட நிக்காத, காத்து ஆகாது. சீரகத் தண்ணி அடுப்புல இருக்கு. ஆறிரப் போவுது, குடி."

குடிக்கிறேன் என்றேன். குடிக்கவில்லை. பானையைத் தூக்கிவந்து கதவுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அது ஆறியது. பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் கேட்பது நின்றுவிட்டது.

செத்தவர்களைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். நீர்மாலை என்போம். ஊருணி தூரம், வெளிச்சமோ போய்க்கொண்டிருக்கிறது. அது வந்த உடம்பை வீட்டில் வைத்திருக்க எல்லோருக்கும் பயம். "இந்தா இருக்கு கெணறு, இதுலயே எடுத்துருவோம்" என்றார் ஒருவர். ஒருவரும் மறுக்கவில்லை. அன்று காலையில்தான் சர்க்கார் ஆள் வந்து புதிதாக மருந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பிள்ளைத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று என்னை ஜன்னலடியில் உட்கார வைத்தார்கள். கொல்லையில் குடம் குடமாக ஊற்றுகிற சத்தம் கேட்டது. கொல்லைத் தண்ணீர் வீட்டை ஒட்டி ஓடி, என் ஜன்னலுக்குக் கீழேதான் தெருச் சாக்கடையில் விழும். ஆரத்தி நிறத்தில் வந்தது. முழுவதும் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு மதினி மிச்சமிருந்த ஒரு குடத்தோடு உள்ளே வந்தாள். காலையிலிருந்து என் நாக்கில் ஒன்றும் படவில்லை. "தண்ணி தாங்க மதினி" என்றேன். அழுதுகொண்டிருந்தவள், என்ன செய்கிறோம் என்று பார்க்காமல், அந்தக் குடத்திலிருந்தே ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள்.

வாயருகில் கொண்டுபோய் நிறுத்தினேன். இப்போது அம்மா வந்து செம்பைத் தட்டிவிடுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். பிறகு முழுவதையும் குடித்தேன். லேசாகத் துரு வாசம் அடித்தது. மற்றபடி வெறும் தண்ணீர்தான்.