பிரேக்கில் இருந்த கால்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாக அப்படியே படிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இது நடந்தது. நடந்தது ஒரு பல் டாக்டருக்கு. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் என்பதால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மனிதர் வாழ்நாளில் சொல்லும் ஒரே பொய் ‘வலிக்காது’ என்பதுதான். வேறு பொய் சொல்ல அவருக்கு வராது.

டாக்டருக்குப் பழைய ஜீப் என்றால் பைத்தியம். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது தலையை விட வேறு ஏதாவது வேண்டாமா? பழைய இரும்புக் கடையில், புதருக்கு நடுவே கூரையில்லாமல் துருப்பிடித்து நின்ற ஒரு ஜீப்பைக் கண்டுபிடித்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வகை. காடு, மேடு, சேறு, எதிலும் ஏறும். லாரியில் போட்டுக் கொண்டுவந்த அன்று அது வீட்டு வாசல் மேட்டைக்கூட ஏறவில்லை. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருந்தது.

அவர் மனைவி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இதுக்கு ரூட் கெனாலா, இல்ல மொத்தமா புடுங்கணுமா?”

துணைக்கு மனைவியின் தம்பி வந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். கை வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள். துருவைச் சுரண்டினார்கள். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தார்கள். ஓட்டுபவர் காலடியில் இருந்த தகடு அப்பளமாக நொறுங்கியதால் அதை வெட்டி எறிந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத் தரையே தெரிந்தது.

முதலில் சீட்டு.

ஓட்டுபவர் சீட்டுக்குப் புது ஃபோம், புது ரெக்சின். டாக்டரே உட்கார்ந்து தைத்தார். பல்லைக் கட்டுகிற கை, தையல் பிசிறில்லாமல் வந்தது. மறுநாள் காலை பார்த்தால் சீட்டில் ஒரு பள்ளம். யாரோ நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு, இப்போதுதான் எழுந்து போனதுபோல. கையால் தட்டிச் சரிசெய்தார். அடுத்த நாளும் இருந்தது.

“மட்டமான ஃபோம் கொடுத்துட்டான் அத்தான்,” என்றான் மைத்துனன்.

இருக்கலாம். ஆனால் பள்ளம் சின்னது. டாக்டரும் பருமன், மைத்துனனும் பருமன்.

அடுத்தது விளக்கு.

ஒயரிங் முடித்து பேட்டரி மாட்டிய வாரம். விளக்கு வைக்கும் நேரம். சமையலறையில் இருந்த மனைவி ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக் கேட்டாள்.

“என் தம்பி வந்திருக்கானா?”

“இல்லையே.”

“அப்ப பிரேக்கை யாரு மிதிக்கிறா? பின்னாடி சிவப்பு லைட் எரியுதே.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். எரிந்தது. இருட்டத் தொடங்கிய கொட்டகைக்குள், இரண்டு சிவப்புக் கண்கள் மாதிரி. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கொட்டகைக் கதவைத் தொட்டார். விளக்கு அணைந்தது. உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். பெடலில் இருந்து காலை எடுத்தால், ஸ்பிரிங் இழுத்து அது மேலே வந்து இடிக்கும் சத்தம்.

உள்ளே யாரும் இல்லை.

ஒயர் எங்கேயோ உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மைத்துனனிடம் சொன்னபோது, எப்போதும் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை.

“அத்தான், அந்த லைட்டு பிரேக் ஆயில் பிரஷர்லதான் எரியும். பைப்புல ஆயில் நெட்டித் தள்ளினாத்தான் சுவிட்சு வேலை செய்யும்.”

“சரி. அதுக்கென்ன?”

“நாம இன்னும் ஆயிலே ஊத்தல.”

டாக்டர் அன்று இரவு பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டார். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த ஜன்னலுக்குத் திரை போட்டாள்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேய் வருகிற நேரமே இல்லை. சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு பிரேக்கில் ஏர் எடுக்கிற வேலை. புதிதாக ஆயில் ஊற்றினால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்று வெளியேறியதும் மூடி, ‘விடு’ என்று சொல்ல வேண்டும். மிதி... விடு. மிதி... விடு. இவ்வளவுதான்.

ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். முன் சக்கரங்களைக் கழற்றியாயிற்று. கொட்டகைத் தரை, தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவாக இருக்கும். ஹேண்ட் பிரேக் இன்னும் மாட்டவில்லை. அதனால் பின் சக்கரங்களுக்கு அடியில் செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தான் மைத்துனன்.

டாக்டர் மல்லாந்து படுத்து, பாதி உடம்பை வண்டிக்கு அடியில் நுழைத்தார். மூஞ்சிக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இரும்பு.

“ஊர் வாயெல்லாம் பாத்தீங்க. இப்ப நீங்க வாயத் திறந்துக்கிட்டுப் படுங்க,” என்றான் மைத்துனன் மேலே இருந்து.

“மிதிடா.”

மிதித்தான். விட்டான். மிதித்தான். டிப்போவில் பஸ்ஸை மிதித்துப் பழகிய கால். ஒவ்வொரு மிதிக்கும் வண்டியே குலுங்கியது.

“மெதுவா மாப்ள. நான் அடியில இருக்கேன்.”

மழை வலுத்தது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம். மைத்துனன் என்னவோ சொன்னான். காதில் விழவில்லை. “சரி, சரி,” என்று சொல்லிவைத்தார் டாக்டர். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நிப்பிளைத் துடைத்தார்.

“மிதி.”

மிதித்தது.

இந்த முறை குலுங்கவில்லை. மெல்ல, நிதானமாக, பதமாக இறங்கியது பெடல். நிப்பிளைத் திறந்தார். நுரைத்துக்கொண்டு ஆயில் வந்தது. மூடினார்.

“விடு.”

டொக்.

“மிதி.”

மிதித்தது.

“விடு.”

டொக்.

“இப்பத்தான்டா ஒழுங்கா மிதிக்கிற.”

“ம்.”

நாலைந்து தரம் இப்படியே போனது. நுரை குறைந்தது. சுத்தமான ஆயில் வர ஆரம்பித்தது. டாக்டருக்குச் சந்தோஷம்.

“கடைசி. மிதி.”

மிதித்தது. நிப்பிளைத் திறந்தார். மூடி இறுக்கினார். அப்போது பின்பக்கம் ‘கரக்’ என்று ஒரு சத்தம். மழையில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“விடு.”

சத்தம் இல்லை.

“விடு மாப்ள.”

டொக் வரவில்லை.

“காது கேக்கலையா? விடுடா.”

பெடல் அசையவில்லை. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுத்தார். மைத்துனனின் பெயர். மணி மூன்று பத்து.

“அத்தான், ஆயில் சின்ன டப்பாதான் இருக்காம். ரெண்டா வாங்கிடவா?”

“...நீ எங்கடா இருக்க?”

“கடையில. ஆயில் பத்தாது, வாங்கிட்டு வர்றேன்னு சொன்னேனே. நீங்ககூட சரி சரின்னீங்க.”

போன் கையிலிருந்து நழுவி மார்பில் விழுந்தது.

டாக்டர் தலையைத் திருப்பினார். வெட்டியெடுத்த தகட்டின் ஓட்டை வழியாகப் பெடல் தெரிந்தது.

பாதி இறங்கி நின்றது.

அதன் மேல் கால் இல்லை.

எதுவும் இல்லை.

ஆனாலும் அது நடுங்கியது... நெடுநேரம் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் கால் நடுங்குமே, அப்படி.

சீட்டின் ஸ்பிரிங் ‘கிறீச்’ என்றது.

மேலே, மூச்சு வாங்குகிற ஒரு குரல். பெண் குரல். களைத்த குரல்.

“விடலாமா?”

‘சரி’ என்று சொல்லிவிட்டு ஓடத்தான் தோன்றியது டாக்டருக்கு. அந்தக் குரல் போனால் போதும். வாயைத் திறந்தும்விட்டார்.

அப்போதுதான் அவர் பார்வை பின் சக்கரத்துக்குப் போனது.

ஈரத்தில் ஊறிய செங்கல் நொறுங்கிப் பொடியாகக் கிடந்தது.

அந்தப் பக்கத்துக் கல்லும் விலகியிருந்தது.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அந்தப் பிரேக்கைத் தவிர.

“விடாதீங்க.”

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“விடாதீங்கம்மா... விடாதீங்க.”

பெடல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

தோளை அசைத்தார். நகர்ந்தார். சட்டை எதிலோ மாட்டியது. இழுத்தார். வரவில்லை.

மேலே மூச்சு வேகமானது.

கிறீச்...

மறுபடி இழுத்தார். சட்டை கிழிந்தது. உருண்டு வெளியே வந்தார். நாலு காலில் தவழ்ந்து மழைக்குள் போய் விழுந்தார்.

உள்ளே இருந்து மறுபடியும்.

“விடலாமா?”

டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

“விடுங்க.”

டொக்.

ஜீப் ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்தது. ஸ்டாண்டுகள் சாய்ந்தன. முன்பக்கம் முழுவதும் ‘தடால்’ என்று தரையில் இறங்கியது. அவர் மார்பு இருந்த இடத்தில், சிமென்ட் தரை விண்டுபோயிற்று.

மனைவி ஓடிவந்தாள். கிழிந்த சட்டையோடு மழையில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மைத்துனன் இரண்டு டப்பாவோடு வந்து நின்றான். நடந்ததைக் கேட்டு டப்பாக்களைத் தரையில் வைத்தான்.

“நான் மேல இருந்திருந்தா, நீங்க விடுன்னதும் விட்டிருப்பேன் அத்தான்,” என்றான்.

மறுநாள் டாக்டர் கிளினிக்கைத் திறக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் மழுப்பினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க டாக்டர். அந்த வண்டி ஒரு மெக்கானிக்கோடது. வீட்லயே வச்சு வேலை பாப்பாரு. உதவிக்குப் பொண்டாட்டிதான். அவர் அடியில படுத்துக்கிட்டு மிதின்னு சொல்வாரு, அந்தம்மா மிதிக்கும். விடுன்னா விடும்.”

“அப்புறம்?”

“ஒருநாள் விடுன்னாரு. விட்டுச்சு. வண்டி அவர் மேலயே இறங்கிருச்சு.”

கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

“அவர் சொல்லித்தான் விட்டுச்சு. அது மேல தப்பே இல்ல. ஆனா அதுக்கப்புறம் அந்தம்மா மனுஷியா இல்ல. கை கால் விழுந்து படுத்துருச்சு. அதுக்கப்புறம்தான் மகன் வண்டியக் கொண்டுவந்து எங்கிட்டத் தள்ளுனான்.”

“எப்ப தவறினாங்க?”

“யாரு? அந்தம்மாவா?” கடைக்காரர் நிமிர்ந்தார். “உசுரோடதான் இருக்கு. மகன் வீட்லதான்.”

டாக்டரும் மனைவியும் அன்று மாலையே போனார்கள். மாடியில் சின்ன வீடு. மருமகள் கதவைத் திறந்தாள். வண்டியை வாங்கியவர் என்று சொன்னதும் உள்ளே வரச்சொன்னாள். அறையில் ஒரு கட்டில். கட்டிலில், போர்வைக்குள் இருப்பதே தெரியாத அளவு ஒடுங்கிய ஒரு பெண்மணி. கண் மூடியிருந்தது.

“பேசுவாங்களா?” என்று கேட்டாள் டாக்டரின் மனைவி.

“பேச்சு நின்னு வருஷக்கணக்கா ஆச்சுக்கா. வலது பக்கம் சுத்தமா அசையாது.”

மருமகள் தயங்கினாள். வந்தவர் டாக்டர் என்று தெரிந்ததும் மெல்லக் கேட்டாள்.

“நீங்க பல் டாக்டர்தான், இருந்தாலும் ஒண்ணு கேக்கலாமா சார்? நேத்து மூணு மணிக்கு மருந்து கொடுக்கப் போனேன். அத்தையோட வலது கால் விறைச்சுக்கிட்டு நீட்டியிருந்துச்சு. எதையோ மிதிக்கிற மாதிரி. ஒடம்பெல்லாம் வேர்வை. நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து மடக்கப் பாத்தோம், முடியல. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு, தானா விட்டுட்டாங்க. விட்டதும் தூங்குனாங்க பாருங்க... இத்தனை வருஷத்துல அப்படித் தூங்கி நாங்க பாத்ததில்ல.”

டாக்டர் கட்டிலருகே போனார்.

“அது என்னமோ வலிப்புன்னு வச்சுக்குவோம். இது எப்படின்னுதான் புரியல.”

போர்வையை விலக்கினாள்.

வருஷக்கணக்காகத் தரையை மிதிக்காத பாதம். குழந்தையின் பாதம்போல வெளுத்து, மெத்தென்று இருந்தது. அதன் நடுவில், குறுக்காக, வரிவரியாகக் கன்றிச் சிவந்த தடம்.

பெடல் ரப்பரின் தடம்.

வரிகளுக்கு இடையில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது.

“மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்,” என்றாள் மருமகள். “கிரீஸ் மாதிரி இருக்கு. போகவே மாட்டேங்குது.”