மழைத் தண்ணீரில் ஊறிய காசு

என் கணவருக்குப் பழங்காசுப் பைத்தியம். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. மழை பெய்து ஓய்ந்தால் போதும், குனிந்த தலை நிமிராமல் கரிசல் காட்டில் நடப்பார். மண் கரைந்து மேலே வரும் செப்புக் காசுகளைப் பொறுக்கி வந்து தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அதில் இரண்டு காசு உசத்தி. ஒன்றில் ஏதோ பழைய எழுத்து. அதைப் பார்த்து ஒரு கல்லூரிப் பேராசிரியரே வாயைப் பிளந்தாராம். இன்னொன்று மீன் போட்டது. எங்கள் அப்பா உழும்போது ஏர்க் கொழுவில் மாட்டியது. மாப்பிள்ளைக்கு என்று கொடுத்துவிட்டுப் போன அப்பா, அடுத்த வருஷம் உயிரோடு இல்லை.

ஆயுத பூஜை வந்தது. ஊரில் ஆளாளுக்குத் தராசையும் சைக்கிளையும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். வாத்தியார் புத்தகத்தை அடுக்கினால் போதாதா? நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், இந்த மனுஷன் காசுகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, சந்தனம் வைத்துச் சாமி முன்னால் பரப்பிவிட்டார். பளபளவென்று மின்னின. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். மேகம் கூடிப் புழுங்கியதுதான் மிச்சம். அந்த ஈரக் காற்றில் காசெல்லாம் வெளிர்பச்சையாகக் களிம்பு பூத்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மீனின் வாலருகே குழி விழுந்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "குத்துவிளக்கும் அதுவும் ஒண்ணா? எங்கப்பா குடுத்தத இப்பிடி நாசம் பண்ணிட்டீங்களே!" என்று கத்தினேன்.

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்து ரசாயன வாத்தியாரிடம் கேட்டு வந்தார். உப்பு காசுக்குள் இறங்கிவிட்டதாம். உப்பில்லாத தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி அதை வெளியே இழுக்க வேண்டும். பிறகு நன்றாகக் காயவைத்து மெழுகு பூச வேண்டும். மெழுகுக்குப் பஞ்சமில்லை, தெருவுக்குத் தெரு குச்சியை மெழுகில் முக்கும் தீப்பெட்டி ஆபீஸ். தண்ணீருக்கு எங்கே போக? எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. பருப்பு வேகட்டும் என்று போன மழையில் நான் பிடித்து வைத்த தண்ணீர் மட்டும் பானையின் அடியில் கொஞ்சம் கிடந்தது.

"ஒரு காசுக்குத்தான் காணும். உங்க எழுத்துக் காசையே போட்டுக்கிடுங்க" என்றேன், மனசே இல்லாமல்.

அவர் மீன் காசை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். "ஏட்டி, எழுத்த நான் தாள்ல வரஞ்சு வச்சிருக்கேன். ஒங்கப்பாவ எங்கன போயித் தேட?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று முதல் நானே தினமும் தண்ணீர் மாற்றினேன். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் கல்லாகக் கிடந்தது. அவர் முகம் சுளிக்காமல் தின்றார். தண்ணீர் தீருகிற சமயத்தில் பச்சைப் பொடி நின்றது. வெயிலில் காயவைத்து, தணலில் லேசாகச் சூடுகாட்டி மெழுகு தடவினோம். குழி குழிதான். ஆனால் மீன் தப்பித்துவிட்டது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வடகிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவில்லை. அண்டா, குடம், சோற்றுப்பானை என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினேன். எழுத்துக் காசைக் கிண்ணத்தில் போட்டு, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மழைக்கு நின்றேன்.