நான் ‘இழு’ என்று சொல்லவில்லை

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். கப்பல் நங்கூரமிட்ட நேரம், துறைக்குள் வழிகாட்டும் பைலட் ஏறிய நேரம், முதல் கயிறு தளத்தில் மாட்டப்பட்ட நேரம் ஆகியவற்றை நிமிடம் பிசகாமல் எழுதுவது என் வேலை. எது முந்தியது, எது பிந்தியது என்று நான் எழுதியதை எந்தக் கேப்டனும் அடித்துத் திருத்தியதில்லை. அப்படிப்பட்டவன் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினேன் என்று ஆத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பேசப்பட்டிருக்கிறது. ஆகவே இதை எழுத நேர்ந்தது.

என் மகளும் மருமகனும் வீட்டிலேயே ஓர் அட்டை விளையாட்டை உருவாக்கி வந்தார்கள். சூதாட்டச் சீட்டு அன்று. ஒவ்வோர் அட்டையையும் தாங்களே வரைந்து, அதன் செயலை அடியில் அச்சிட்டு, நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும் வகை. அதில் முத்துக்குளிப்பவன் அட்டை ஒன்று. அவன் நீருக்குள் இருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிப்பி கிடைக்கும். எதிரணி சுறாவை இறக்கினால் அவன் தொலைந்தான். கூட்டாளி கயிற்றை இறக்கினால் சிப்பிகளோடு மேலே வந்துவிடுவான். சுறாவும் கயிறும் ஒரே சுற்றில் இறங்கினால் எது முதலில் நிகழும்? இதில் முட்டிக்கொண்டு இருவரும் என்னிடம் வந்தார்கள்.

“மத்த ஆட்டத்துல எல்லாம் கடைசியா வச்ச கார்டுதான் மொதல்ல வேல செய்யும் மாமா” என்றார் மருமகன்.

எனக்கு அது ஒப்பவில்லை. படகில் நிற்பவனுக்குக் கடலடியில் வரும் சுறா எப்படித் தெரியும்? குளிப்பவன் கயிற்றை அசைத்தால்தான் அவன் இழுப்பான். ஆகவே, குளிப்பவனை இறக்கியவர் ‘இழு’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கயிறு இறங்க வேண்டும். அதற்குமுன் சுறா மேசையைத் தொட்டுவிட்டால் கயிறு செல்லாது. வியாழக்கிழமை இதை எழுதித் தேதியிட்டேன். மூவரும் கையொப்பமிட்டோம்.

ஞாயிறு பூசை முடிந்தபின் கீழவைப்பாரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தார். குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது இந்தக் கடற்கரையின் வழக்கம். அக்காளின் தாலிக்குப் பங்கம் வர அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த முறைப்படியே அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன்; மகளும் மருமகனும் எதிரணி. விதியை இருமுறை வாசித்தும் காட்டினேன்.

ஆறு சிப்பிகளோடு மேலே வந்தால் வெற்றி. எங்களிடம் ஐந்து சேர்ந்திருந்தன. அப்போது மகள் சுறாவை இறக்கினாள். மறுகணமே மைத்துனர் கயிற்றை மேசையில் ஓங்கி அடித்தார்.

“ஏறி வாங்க அத்தான்!”

“நான் இன்னும் சொல்லலியே” என்றேன்.

“சுறா வாரது கண்ணு முன்னால தெரியுது. நீங்க வாயத் தொறக்குத வரைக்கும் எங்க அக்கா தாலியறுத்துட்டு நிக்கணுமா?”

மருமகன் சிரித்துக்கொண்டே, “போகட்டும் மாமா, பொழச்சதா வச்சுக்கிடுவோம்” என்றார்.

எனக்குச் சலுகையா? நானே எழுதிய விதியில்?

“செல்லாது. ஆள் போயாச்சு” என்றேன்.

“யக்கா, இங்கன வந்து பாரு! நான் காப்பாத்துதேன், அத்தான் சாவேன்னு அடம்பிடிக்காரு.”

அடுக்களையிலிருந்து என் மனைவி, “சாகணும்னா சாகட்டும்ல. நீ சாப்பிட வா” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள்; மைத்துனர் சிரிக்கவில்லை. சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அவர் கையால் பிழைக்கப் பொறுக்காமல், பெண் கொடுத்த வீட்டாரை அவமதிக்கவென்றே அந்த இடத்தில் ஒரு புது விதியை நான் எழுதினேனாம். இதைத்தான் ஆத்தூர்ப் பந்தியில், என்னை அறிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். கேட்டவர்களில் ஒருவருக்காவது அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்று கையொப்பங்களோடு அது என் மேசையில் இருக்கிறது.

விதி எழுதப்பட்டது வியாழக்கிழமை. சுறா வந்தது ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு சிப்பிக்கு ஆசைப்பட்டு ‘இழு’ என்று சொல்லாமல் இருந்தவன் நான். மைத்துனர் என்னைக் காப்பாற்றவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.