தையல்காரி விழுந்த இடம்

அந்த இல்லத்தில் எல்லோரும் அவரை எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அச்சகம் மூடப்பட்டதும், வீட்டில் அடி வாங்கிய பெண்கள் வந்து தங்கும் இந்த இல்லத்துக்கு வந்துசேர்ந்தார். பதினோரு வருடமாக ஒரே வேலை, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது. அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்த அமைப்புக்குப் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுத வேண்டும், எதற்கு 'மீண்டு வந்தவர்' என்று எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்ல காரியத்துக்குத்தானே என்று நம்பினார். இல்லத்தில் பத்தொன்பது கட்டில்கள். ஒன்றும் காலியாக இருந்ததில்லை.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெண்ணின் கதை கேட்பார்கள். முந்நூறு சொல்லுக்குள் வேண்டும். ஒருத்தி பட்ட பாட்டையெல்லாம் முந்நூறு சொல்லில் அடக்கு என்று கேட்க இவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. போன வருடம் எழுத்தக்கா எடுத்துக்கொண்டது, இல்லத்திலேயே தங்கி மற்றவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் தையல்காரியின் கதையை. பெயரை மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிச் சம்மதமும் வாங்கினார்.

தையல்காரி ஆறு வருடம் அடி வாங்கினாள். ஒரு நாள் மத்தியானம், புருஷன் பெல்ட்டைக் கழற்றியபோது, சூடான இஸ்திரிப் பெட்டியை அவன்மேல் வீசினாள். ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் நடந்தே வந்து இல்லத்தின் கதவைத் தட்டினாள். பெருமைப்பட்டுக்கொள்ள அந்த நடையைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. மகளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவாள். யாரும் நம்மைத் தூக்கி வரவில்லை, நாமேதான் வந்தோம் என்று.

எழுத்தக்கா எழுதிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி உறுத்தியது. திருப்பி அடித்தவளுக்கு யார் நிதி கொடுப்பார்கள்? எடுத்துவிட்டார். அப்புறம் நடை உறுத்தியது. இவ்வளவு தெம்பு உள்ளவளுக்கு இல்லம் எதற்கு என்று கேட்பார்களே. அதையும் எடுத்தார். கடைசியில், தையல்காரி தெருவில் மயங்கி விழுந்தாள், இல்லத்து ஊழியர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று ஆயிற்று. அதைப் படித்துவிட்டு இல்லத்தை நடத்தும் தலைவியம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. நிதியும் வந்தது. தையல்காரியிடம் மட்டும் யாரும் காட்டவில்லை.

இந்த வருடம் நிதியை நீட்டிப்பதற்கு முன்னால் இரண்டு பேர் நேரில் வருகிறார்கள், கதையை அந்தப் பெண்ணின் வாயாலேயே கேட்க வேண்டுமாம் என்று தகவல் வந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலை எழுத்தக்கா அந்தத் தாளோடு தையல் அறைக்குப் போனார். இதில் இருக்கிறபடியே சொன்னால் இல்லம் தப்பிக்கும், இல்லையென்றால் மூன்று மாதத்தில் இழுத்து மூட வேண்டியதுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அக்கா, நான் எங்க விழுந்தேன்? கடைவீதிலயா, நம்ம வாசல்லயா? கேட்டா சரியா சொல்லணும்ல."

எழுத்தக்கா கூனிக் குறுகிப்போனார். இந்தப் பதினோரு வருடத்தில் இப்படி எத்தனை பேரைக் கீழே தள்ளியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தார். ஆனாலும் "வாசல்ல" என்று பதில் சொன்னார்.

மறுநாள் கூடத்தில் தையல்காரி கொஞ்சமும் பிசகாமல் சொல்லி முடித்தாள். வந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார்கள். இல்லம் தப்பித்துவிட்டது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எட்டு வயது அவளுக்கு. கார் கிளம்பியதும் நேராக அம்மாவிடம் வந்தாள்.

"நாம நடந்துதானேம்மா வந்தோம்?"

தையல்காரி எழுத்தக்காவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வருடமும் வருவார்களே, குழந்தை எதையாவது உளறிவைத்தால் என்ன செய்வது என்ற யோசனைதான் எழுத்தக்காவுக்கு முதலில் வந்தது. அந்த யோசனைக்காக அவரே தன்னை வெறுத்தார். வெறுத்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

"இல்லடி," என்றாள் தையல்காரி. "அம்மா விழுந்துட்டேன். இவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க."

சிறுமி எழுத்தக்காவிடம் போய், பெரியவர்களிடம் எப்படி நின்று பேச வேண்டுமோ அப்படி நின்று, "தேங்க்ஸ் பெரியம்மா" என்றாள்.