மூன்றாவது நெருப்புப் பெட்டி

லோஜினி மண்சரிவு ஆய்வு அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர். அங்கே பொறியியலாளர்களுக்குப் பஞ்சமில்லை; நாலு பேருக்குப் புரிகிற மாதிரி பேசுகிறவர்களுக்குத்தான் பஞ்சம். அவர்கள் திரையில் வரைபடம் காட்டிச் சாய்வுக்கோணம், நீரழுத்தம் என்று அடுக்கினால், தேயிலைத் தோட்டத்துச் சனம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல உட்கார்ந்திருக்கும். கடைசியில் தேத்தண்ணியும் தின்னப் பணிசும் வந்தால் மட்டும் முகம் மலரும். அதனால் தமிழ்ச் சனம் இருக்கிற தோட்டம் என்றால் லோஜினியைத்தான் அனுப்புவார்கள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். எந்தச் சங்கதியையும் அடுப்படிச் சாமானை வைத்தே சொல்லிவிடுவாள்.

இந்த முறை அவளை அனுப்பியது அவள் பிறந்த தோட்டத்துக்கே. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அவளுடைய அம்மா மீனம்மா இன்னும் அந்த லயத்தில், மூன்றாவது வீட்டில்தான் இருந்தாள். அங்கிருந்து கிளம்பச் சொல்லி போனில் எவ்வளவோ கெஞ்சியாயிற்று. "மழை எங்களுக்கு என்ன புதுசா புள்ள?" என்பாள். அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை, புரிந்தால் கிளம்பிவிடுவாள் என்று லோஜினி நம்பினாள். படித்தவர்களுக்கு வருகிற வியாதி அது.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கூட்டம். லோஜினி ஒரு பெரிய தட்டைச் செங்கல்லில் சாய்த்து வைத்தாள். அதில் பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே மண்ணைப் பரப்பி, நடுவில் நெருப்புப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினாள். அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. லயத்தைத் தெரியாதவர் அங்கே யார்?

"அடியில இருக்கிற தாளுதாங்க பாறை. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கும், பாறைக்குள்ள எறங்காது. அப்ப தண்ணி எங்க போவும்? பாருங்க."

ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை, பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இன்னொரு தம்ளர் ஊற்றினாள். மேலே மயிரிழை போல ஒரு வெடிப்பு. அடுத்த கணம் மண் மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெட்டிகள் குப்புற விழுந்து சேற்றுக்குள் போயின.

ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், லோஜினிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது மீனம்மா எழுந்து வந்தாள். சேற்றிலிருந்து மூன்றாவது பெட்டியை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"நல்லா வெளங்குச்சு. இதானே என் வீடு? இத எங்க வைக்கணுமுன்னு நீயே காட்டு."

லோஜினி பெட்டியை வாங்கினாள். தட்டைப் பார்த்தாள். கீழே எல்லாம் சேறு. ஓரத்தில் கொஞ்சம் மேடு சரியாமல் நின்றது; பாதுகாப்பான இடம் அதுதான் என்று அறிக்கையில் எழுதியவளும் அவளே. ஆனால் நிஜத்தில் அது தோட்டத்தின் தேயிலைக் காணி, வீடு கட்ட விடமாட்டார்கள். நாற்காலியில் இருந்த தோட்டத்து உத்தியோகத்தர் ஜெயகாந்தனைப் பார்த்தாள்.

"காணி விசயம் மேலதாங்க பேசணும். நான் என்ன செய்ய?" என்றார் அவர். பொய் சொல்லவில்லை, பாவம். அவராலும் ஒன்றும் ஆகாது. லோஜினியோடு வந்திருந்த அலுவலக அதிகாரி தலையைக் குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியை எங்கேயும் வைக்க முடியவில்லை. லோஜினி அதைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு நின்றாள். சனம் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. பிறகு பணிசை வாங்கிக்கொண்டு லயத்துக்கே திரும்பியது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தூறல் விழுந்தது. மீனம்மா மகளுக்குக் குடை பிடித்தாள்.

"எங்கூட ஹட்டனுக்கு வந்துருங்கம்மா."

"நீங்க மூணு பொம்பளப் புள்ளைங்க வாடகைக்கு இருக்குற ரூம்புல நான் எங்க படுக்க? நான் வந்தாலும், மிச்ச சனத்த எங்க கூட்டிட்டுப் போவ?" மீனம்மா மேலே மலையைப் பார்த்தாள். "முந்தியெல்லாம் மழை பேஞ்சா போத்திக்கிட்டு நல்லாத் தூங்குவோம் புள்ள. இனிமே எப்படித் தூங்குறது? நீதான் அவ்வளவு நல்லாச் சொல்லிட்டியே."

அந்தக் குரலில் துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் லோஜினி அழாமல் பஸ் ஏறியிருப்பாள்.