பெட்டி எங்களுக்கு, சாவி சித்தப்பாவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு தேக்குப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா காலத்துப் பெட்டி. அப்பா போன பிறகு தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் மேல் முதலில் ரேடியோ இருந்தது, பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச டிவி. பழைய வார்னிஷ், எண்ணெய்ப் பிசுக்கு, புகைக் கரி... சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. பித்தளைப் பட்டைகளுக்குப் புளி. என் முதுகுக்குத் தைலம்.

பாலிஷ் போட வந்த ஆசாரி பூட்டைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள கரையான் இருக்கான்னு பாக்காம பாலிஷ் போட்டா வீணுங்க. சாவி எங்க?"

"குத்தாலத்துல, எங்க சித்தப்பாகிட்ட."

"அப்ப ஒடச்சிடலாமா?"

உடைக்கலாம்தான். ஆனால் அந்தச் சாவிக்கு ஒரு கதை உண்டே!

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது டெல்டாவில் பல வீடுகளில் அவசர அவசரமாகப் பாகப்பிரிவினை நடந்தது. கூட்டுக் குடும்பமாக இருந்தால் நிலம் போய்விடும், பிரிந்துவிட்டால் தப்பிக்கும். தாத்தாவும் அப்பாவையும் சித்தப்பாவையும் பிரித்துவிட்டார் — காகிதத்தில் மட்டும். அதிகாரி விசாரிக்க வருவார், நிஜம் மாதிரி இருக்க வேண்டாமா? தனித்தனி அடுப்பு. மாடு, அண்டா, குண்டான் எல்லாம் இரண்டு பங்கு. பெட்டி ஒன்றுதான். அதைக் காலி செய்து பூட்டி, பெட்டியை அப்பாவிடமும் சாவியைச் சித்தப்பாவிடமும் கொடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் நம்ப வேண்டுமே என்று சித்தியின் வளைகாப்புக்கு அப்பா போகவில்லை. சித்தி அதை நாடகமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு என் காதுகுத்துக்கு அவர்கள் வரவில்லை. நிலம் தப்பியது. நியாயமாக அது நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம் அது. எனக்கு இன்றைக்கும் அதில் வெட்கம்தான். அண்ணனும் தம்பியும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் சாவுக்குக்கூடச் சித்தப்பா வாசலோடு நின்றுவிட்டுப் போனார்.

பூட்டை உடைத்தால் மிச்சமிருக்கும் உறவும் உடைந்துவிடும் என்று பட்டது. பஸ் ஏறினேன்.

எண்பதைத் தாண்டிய சித்தப்பா, விஷயத்தைக் கேட்டுவிட்டு வேட்டியைத் தளர்த்தி அரைஞாண் கயிற்றைக் காட்டினார். சாவி அதில் தொங்கியது.

"உங்கப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

"அப்பாவும் அதையேதான் சொல்வாங்க சித்தப்பா. 'அவனா கொண்டாந்து குடுக்கட்டும்'னு."

சித்தப்பா வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு அவரே திறந்தார். கரையான் இல்லை. எதுவுமே இல்லை. வெளிச்சம் படாத மரம் புதுசு போல இருந்தது. "இதாங்க ஒரிஜினல் கலர்" என்று ஆசாரிக்குச் சந்தோஷம். சித்தப்பா வெறும் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் தாங்கவில்லை.

எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "அன்னிக்கு வந்த அதிகாரி நம்பிட்டாரா, சித்தப்பா?"

"அவரு நம்புனாரோ என்னவோ... நாங்க நம்பிட்டோம்ப்பா."